சிறு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இணையவழி மென்பொருள்: அவினாசியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வழக்கு விவரம், வாய்தா தேதி, ஆவணங்கள், கட்டணக் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் வைத்து, எந்தக் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் திறந்து பார்க்க உதவும் இணையவழி மென்பொருளை எங்கள் அலுவலகம் 2020 ஊரடங்குக்குப் பிறகு பயன்படுத்தத் தொடங்கியது. மூன்று வழக்கறிஞர்கள், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு தட்டச்சர் கொண்ட சிறிய அலுவலகம் இது. வழக்குகள் அவினாசி, திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம் நீதிமன்றங்களில் பரவிக் கிடக்கின்றன. பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு, இட்டேரிப் பாதை, பனியன் கம்பெனிகளுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் இடையிலான செக் வழக்குகள், வாகன விபத்து இழப்பீடு ஆகியவை எங்கள் வேலையின் பெரும்பகுதி. முதலில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளையும், பின்னர் ஓர் இந்திய நிறுவனத்தின் மென்பொருளையும் பயன்படுத்தினோம். இரண்டாவதைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். வாங்க நினைக்கும் சக வழக்கறிஞர்கள் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதே என் நோக்கம் என்பதால், அவற்றின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

விளம்பரங்கள் நீளமான வசதிப் பட்டியலைக் காட்டும். இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நீதிமன்ற அரங்கில் நீதிபதி சொல்லும் அடுத்த வாய்தா, அன்று மாலைக்குள் பிழையில்லாமல் மென்பொருளுக்குள் வந்து சேர்கிறதா என்பது. அது சேரவில்லையென்றால் மற்ற வசதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நாம் ஆஜராகாததால் வழக்கு ஒருநாள் எக்ஸ்பார்ட்டியாகவோ (ஒருதலைத் தீர்ப்பு) டிஃபால்ட் டிஸ்மிஸாகவோ (தள்ளுபடி) போய்விடும். அதை மீட்க மனுப் போட்டு அலைவது கட்சிக்காரரும் நாமும்தான்.

இப்போது கிடைக்கும் இந்திய மென்பொருள்களில் பலவும், நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து தேதியைத் தானாக எடுத்துத் தருவதாகச் சொல்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு நீதிமன்றக் குறியீடு, வரிசை எண், ஆண்டு என்று அது அமைந்திருக்கும். இந்த இணைப்பு உண்மையிலேயே பயனுள்ளது. நம்மிடம் இருக்கும் வழக்குகளின் பட்டியலைத் தொடக்கத்தில் உள்ளே ஏற்றும்போது பெரும் வேலையைக் குறைக்கிறது. ஆனால் அந்தத் தளத்தில் தேதி மாறுவது, நீதிமன்ற ஊழியர் தங்கள் கணினியில் அதைப் பதிவு செய்த பிறகுதான். நீதிபதி விடுப்பில் இருக்கும் நாளில் மொத்த வழக்குகளும் தள்ளிவைக்கப்படும்போதும், புதிதாகத் தாக்கல் செய்த இடைக்கால மனு இன்னும் நம்பர் ஆகாமல் எஸ்.ஆர். நிலையில் (தற்காலிகப் பதிவு எண்ணோடு) இருக்கும்போதும், மென்பொருள் பழைய தேதியையோ வெறுமையையோ காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மூத்த குமாஸ்தா ஒருமுறை, அடுத்த தேதிகளைக் குறிக்கும் நீதிமன்றப் பதிவேடான ஏ டைரியைச் சுட்டி, "ஏ டைரியைப் பார்த்துட்டுத்தானுங்க சார் எழுதியிருக்கறேன், கம்ப்யூட்டர்ல பழைய தேதியேதான் நிக்குதுங்க" என்று சொல்லி இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். அவர் எழுதியதே சரியாக இருந்தது. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில், குமாஸ்தா கையால் பதிவு செய்யும் தேதியே முதன்மையானது. தளத்திலிருந்து வருவது சரிபார்ப்புக்கு மட்டும். இரண்டும் வேறுபட்டால் சிவப்பில் காட்டும்படி அமைக்கும் வசதி இரண்டாவது மென்பொருளில் இருந்தது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம்.

குமாஸ்தாவின் கைக்கு ஏற்றதாக மென்பொருள் இருக்கிறதா என்பதை விற்பனையாளர்கள் ஒருபோதும் பேசுவதில்லை. வழக்கறிஞருக்கு மட்டுமே செய்முறை விளக்கம் காட்டுகிறார்கள். காலையில் வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பவரும், வழக்குகளை வரிசையாக அழைக்கும் கால் ஒர்க்கில் நின்று தேதி குறிப்பவரும், நகல் மனுப் போட்டுத் தொடர்ந்து விசாரிப்பவரும், சம்மன் அனுப்புவதற்கான பேட்டா கட்டுபவரும் அவர்தான். பழைய கட்டடங்களின் தடித்த சுவருக்குள் கைபேசிச் சிக்னல் பல நேரம் இருப்பதில்லை. இருந்தாலும் அரங்கில் நின்றபடி கைபேசியை நோண்டிக்கொண்டிருப்பது முறையும் அல்ல. ஆகவே இணைப்பு இல்லாதபோதும் பதிவு செய்துகொண்டு, வெளியே வந்ததும் தானாக ஏற்றிவிடும் வசதி கட்டாயம் வேண்டும். முதல் மென்பொருளில் அது இல்லை. அதோடு ஒரு தேதியை மாற்ற நான்கு திரைகளைக் கடக்க வேண்டியிருந்ததால், குமாஸ்தாக்கள் இருவரும் காகித டயரிக்கே திரும்பினார்கள். அதில் அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போதுள்ளதில் அன்றைய வழக்குகள் நீதிமன்றவாரியாக ஒரே திரையில் வருகின்றன. எண்ணைத் தொட்டு, அடுத்த தேதியையும் எதற்காகப் போடப்பட்டது என்பதையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

இதனால் கிடைத்த நன்மையில் மிகப் பெரியது, தேதி மோதலைத் தவிர்க்க முடிந்ததுதான். காங்கேயத்தில் குறுக்கு விசாரணை இருக்கும் நாளிலேயே தாராபுரத்தில் வாதுரைக்குத் தேதி கேட்டு நிற்கும் நிலை, பல நீதிமன்றங்களுக்கு ஓடும் ஒவ்வொரு சிறு அலுவலகத்திலும் உண்டு. இப்போது ஜூனியர் அரங்குக்குள் போகும் முன்பே அடுத்த சில வாரங்களின் நாட்காட்டியைப் பார்த்துவிடுவதால், எந்த நாளில் எங்களால் வர முடியும் என்று நீதிமன்றத்தில் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்ல முடிகிறது.

கெடு நாள் கணக்கிடும் வசதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. செக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எதிராளி அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து பணம் செலுத்த 15 நாள் அவகாசம். அதன் பிறகு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் ஓரிடத்தில் நாள் என்கிறது, மற்றோரிடத்தில் மாதம் என்கிறது. இதைச் சோதிக்க, அறிவிப்பு 2025 பிப்ரவரி 10 அன்று எதிராளிக்குக் கிடைத்ததாக ஒரு மாதிரிப் பதிவை உள்ளிட்டோம். 15 நாள் பிப்ரவரி 25-இல் முடிகிறது; 26-இல் காரணம் எழுகிறது; அந்த நாளை விலக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலை. ஆகவே கடைசி நாள் மார்ச் 26. மென்பொருளோ மாதத்தை 30 நாளாக எடுத்துக்கொண்டு மார்ச் 28 என்று காட்டியது. அதை நம்பிக் கடைசி நேரத்தில் தாக்கல் செய்பவர், இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனுப் போட வேண்டியிருக்கும். தகவல் தெரிவித்ததும் நிறுவனம் அதைத் திருத்தியது. இன்னொன்று: அந்த 15 நாளை அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து கணக்கிடும் மென்பொருளும் உண்டு. ஒப்புகை அட்டையிலோ தபால் துறையின் டிராக்கிங் பக்கத்திலோ உள்ள பட்டுவாடாத் தேதியை உள்ளிட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவிலும் இதேபோல, தீர்ப்பு நகல் பெற எடுத்துக்கொண்ட நாட்களைக் கழிக்க, நகல் மனுப் போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது எல்லா மென்பொருள்களுக்கும் ஒரு தேர்வு வந்தது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்; வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுக்கள் இதன்கீழ் வருபவை. புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. எங்களுடையது சில மாதங்கள் பிரிவு எண்ணை மட்டும் வைத்து வகைப்படுத்தியதால், ரத்து மனுக்களும் முன்ஜாமீன் மனுக்களும் ஒரே பட்டியலில் கலந்து நின்றன. சட்டத்தின் பெயரையும் சேர்த்துக் குறிக்கும் திருத்தம் வந்த பிறகே அது சீரானது. பழைய சட்டத்தின்படி நிலுவையில் உள்ள வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் மென்பொருளே நமக்குப் பயன்படும்.

அடுத்தது தமிழ். கீழமை நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பவரின் பிராதும் எதிர்த்தரப்பின் எதிருரையும் தமிழிலேயே தாக்கலாகின்றன. எங்கள் பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் வானவில் அவ்வையார், பாமினி ஆகிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே ஏற்றினால் மென்பொருளுக்கு அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். "வாய்க்கால் பாத்தியம்" என்று தேடினால் ஒன்றும் வராது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகுதான் தேடல் வேலை செய்தது. எங்கள் தட்டச்சர் பொறுமையாக முக்கியமான கோப்புகளை மாற்றிச் சரிபார்த்துக் கொடுத்தார். எழுத்துரு மாற்றியின் வழியே போகும்போது சில கூட்டெழுத்துகளும் எண்களும் சிதைவதால், சர்வே எண்ணையும் நான்கெல்லை விவரத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்காமல் விடவே கூடாது.

பெயர்ப் பதிவும் நம் ஊருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் மென்பொருளில் நம் மக்களைப் பதிவு செய்வது கடினம். பழனிசாமி என்று தேடினால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கம் நிறைய வரும். தந்தை பெயர், ஊர், தோட்டத்துப் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும். எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே நாம் ஆஜராகியிருக்கிறோமா என்று பார்க்கும் முரண் சோதனை இந்த விவரங்களை நம்பித்தான் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் ஒரு பிரதிவாதி இறந்து வாரிசுகள் சேர்க்கப்படும்போது, யார் யாருடைய வாரிசு என்று காட்டும் அமைப்பும் வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால், பழைய நிலத் தகராறுகளுக்கு முந்தைய நீதிமன்றத்தின் வழக்கு எண்ணைக் குறித்து வைக்கத் தனி இடமும் தேவைப்படுகிறது. கரூர் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால், அந்தப் பக்கத்து வழக்கு வைத்திருப்பவர்கள் உயர் நீதிமன்றப் பட்டியலில் மதுரைக் கிளை தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு விஷயத்தில் வெளிநாட்டு மென்பொருள் எங்களுக்குப் பொருந்தவே இல்லை. 2008 வாக்கில் கிளியோ, ராக்கெட் மேட்டர் போன்றவற்றோடு வட அமெரிக்காவில் பரவிய இந்த வகை மென்பொருளின் அடித்தளம், மணிக்கணக்கில் வாங்கும் கட்டணம். ஒரு மணி நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் குறிப்பது அங்குள்ள வழக்கம். நம்மிடம் வக்காலத்துப் போடும்போது ஒரு பகுதி, விசாரணை தொடங்கும்போது ஒரு பகுதி, மீதி பிறகு என்று நிலைவாரியாகத்தான் கட்டணம் வருகிறது. இந்திய வழக்கறிஞர் கழக விதிகள், கட்சிக்காரரிடமிருந்து வரும் பணம் கட்டணத்துக்கா செலவுக்கா என்று பிரித்துக் கணக்கு வைக்கச் சொல்கின்றன. வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தை அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது. இப்போதுள்ள மென்பொருளில் இந்தப் பிரிப்பு திரையிலேயே இருப்பதால், கோர்ட் ஃபீக்கும் பேட்டாவுக்கும் கொடுத்த பணம் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று எந்தக் கட்சிக்காரருக்கும் உடனே சொல்ல முடிகிறது. ஜி.எஸ்.டி.யைத் தானாகப் போடும் அமைப்பை மட்டும் அணைத்துவிட வேண்டும். வழக்கறிஞர் தரும் சட்ட சேவைக்கு, வரம்புக்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிக நிறுவனம் எதிர்மாறு முறையில் தானே வரி செலுத்துகிறது. தனிநபர் கட்சிக்காரருக்கு வரி இல்லை. கம்பெனிகள் பிடித்துக்கொள்ளும் 10 சதவீத டி.டி.எஸ். தொகையைத் தனியாகக் குறிக்க வசதி இருந்தால் ஆண்டு முடிவில் ஆடிட்டருக்கு வேலை குறையும்.

கட்சிக்காரர் உள்நுழைந்து பார்க்கும் தனிப் பக்கத்தை எங்கள் விவசாயிகள் யாரும் திறக்கவில்லை. அடுத்த வாய்தாவைத் தமிழில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி மட்டுமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை, பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே ஆளுக்கொரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, அலுவலகத்தை விட்டுப் போகும் ஜூனியரின் அணுகலை அன்றே நிறுத்துவது ஆகியவற்றில் நாங்கள் சமரசம் செய்வதில்லை. பணம் மிச்சமாகும் என்று ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்கள் உண்டு. யார் எதைத் திறந்தார்கள் என்ற தடயமே அங்கு இல்லாமல் போகிறது.

கடைசியாக, விலகிச் செல்லும் வழி. முதல் நிறுவனத்தை விட்டு வந்தபோது எங்கள் தரவைக் கேட்டோம். வழக்குப் பட்டியல் ஓர் அட்டவணையாக வந்தது; ஆவணங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளாக ஒரே பொதியில் வந்தன. எந்த ஆவணம் எந்த வழக்குக்கு உரியது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நம் கையில் இருக்க வேண்டிய அந்தக் கட்டு, வேறொரு நிறுவனத்தின் கணினியில் பிரித்தெடுக்க முடியாத நிலையில் கிடந்தால், கட்சிக்காரர் கேட்கும்போது நாம் எதைத் திருப்பிக் கொடுப்பது? எனவே இலவசச் சோதனைக் காலத்திலேயே பல ஆவணங்கள் உள்ள ஒரு வழக்கை ஏற்றி, அதை முழுமையாக வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். வழக்கு எண்ணும் ஆவணத் தலைப்பும் கோப்புறையின் பெயரிலேயே வர வேண்டும்.

நாங்கள் ஒவ்வொரு மாதமும் முழுத் தரவையும் அலுவலகத்தில் உள்ள வன்தட்டில் எடுத்து வைக்கிறோம். காகித டயரியையும் நிறுத்தவில்லை. வரும் சந்தாப் புதுப்பிப்புக்கு முன் நிறுவனத்திடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறோம்: இ-ஃபைலிங்குக்குத் தேவையான பக்க எண்ணிட்ட பி.டி.எஃப். தொகுப்பை மென்பொருளிலிருந்தே தயாரிக்கும் வசதி. குமாஸ்தாவின் கணக்குக்கு வழக்கறிஞருக்கான முழுச் சந்தாவை வாங்காமல் குறைந்த கட்டணம் நிர்ணயிப்பது. இரண்டாவதற்கு அவர்கள் இன்னும் பதில் தரவில்லை.