சிங்கிளுக்கு அட்டைப்படம்: ஓவியரா, போன் கேமராவா, டெம்ப்ளேட்டா, ஏஐயா?

சொந்தமாகச் சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டு, வெளியிடுகிறவர்கள் பலருக்கும் அட்டைப்படம் கடைசி நேர வேலை. ஆனால் பாட்டு காதில் விழுவதற்கு முன் கண்ணில் படுவது அதுதான், அதுவும் போன் திரையில் நகத்தளவில். ஸ்பாட்டிஃபை ஒரே படத்தை 640, 300, 64 பிக்சல் என மூன்று அளவுகளில் வைத்துக்கொள்கிறது. அந்த 64-இல் எது தாக்குப்பிடிக்கும் என்பதே என் முதல் கேள்வி.

கேன்வா என்ற வடிவமைப்புச் செயலி தரும் ஆயத்த டெம்ப்ளேட் வேகமானது, அவ்வளவுதான். அதே வடிவம் இன்னொருவர் பாட்டிலும் வந்து நிற்கும்.

ஏஐ படம் பார்க்க அழகாக இருக்கும். தமிழ் எழுத்து கேட்டால் சில சமயம் சிதைத்துத் தரும். மனிதர் படைக்காத படத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் குரலை இயந்திரம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற நாம், ஓவியரின் கையை அதனிடம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

தரத்தில் ஓவியருக்கு ஈடில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு வரைகிறவர் நாம் யோசிக்காததைக் கொண்டுவருவார். காசோடு கூடவே எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். இந்தியச் சட்டப்படி, உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். பாட்டோ உலகம் முழுக்கப் போகிறது.

ஆனால் மாதாமாதம் சிங்கிள் விடுகிறவருக்கு நான் சொல்வது போன் கேமராதான். ஜன்னல் வெளிச்சம், வெற்றுச் சுவர், நடுவில் ஒரே ஒரு பொருள் போதும். எழுத்துரு, பெயர் வைக்கும் இடம் இரண்டையும் மாற்றாதீர்கள். நாலைந்து பாட்டு சேர்ந்ததும் உங்கள் பக்கம் ஒருவருடைய வேலையாகத் தெரியும். மிச்சமாகும் பணத்தை ஆல்பத்துக்கு ஓவியரிடம் கொடுங்கள்.

எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், முக்த மலர், பாவனம் எல்லாம் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஃபோட்டோஷாப்பில் 'கொ' எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறுகிறதா? பழைய பதிப்பு என்றால், டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள்.

அப்புறம், படம் 3000-க்கு 3000 பிக்சல், சதுரம், ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை). இன்ஸ்டா முகவரி, இணையதளம், ஸ்பாட்டிஃபை லோகோ எதையும் படத்தில் போடாதீர்கள். பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும், வெளியீட்டுத் தேதியும் தள்ளிப்போகும்.