படிவத்துக்கு ஒரு கை, ரெஸ்யூமேவுக்கு ஒரு கை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, கம்பெனிகளுக்கும் ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதில்தான் சிக்கல். அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் ரெஸ்யூமேவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே இதை யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் கேள்வி தேர்வு நடத்துபவர்களுடையது. டிஎன்பிஎஸ்சிக்கு 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்தால் 5 ஆண்டுகள் செல்லும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்டால், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அழகாக எழுத அங்கே இடமே இல்லை. ஒரு விவரம் தப்பினால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

ரெஸ்யூமேவில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது நம் கையில். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர் 'டேலி (கணக்கு மென்பொருள்) தெரியும், கடின உழைப்பாளி' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'இரண்டு கடைகளுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்தேன். வங்கிக் கணக்கோடு பேரேட்டை ஒத்துப்பார்த்தேன்' என்றால் உடனே கூப்பிடத் தோன்றும். விளம்பரத்தில் ஜிஎஸ்டி முதலில் இருந்தால், அந்த வரியையே மேலே கொண்டுவரலாம். படிவத்தில் இந்தச் சலுகை கிடையாது. புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். பள்ளியில் வாங்கிய ஓட்டப்பந்தயப் பரிசை அம்மா சேர்க்கச் சொன்னாலும் விட்டுவிடலாம்.

தனியாரில் படிவமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பல கம்பெனிகளில் நேர்காணலன்றோ வேலை உறுதியான பிறகோ ஒரு படிவத்தை நீட்டுவார்கள். ரெஸ்யூமேவில் '2021–2023' என்று போட்டவர் அங்கே சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் எழுத வேண்டும். பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரோடு அதை ஒத்துப்பார்ப்பார்கள். 2021 டிசம்பரில் சேர்ந்து 2023 ஜனவரியில் விலகியவரிடம், ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான வேலை ரெஸ்யூமேவில் ஏன் அதைவிட நீளமாகத் தெரிகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மாதத்தையும் ரெஸ்யூமேவிலேயே போட்டுவிடுங்கள்.