இமிக்விமோடா, ஃப்ளூரோயுராசிலா?

அப்பாவின் வழுக்கைத் தலையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று சில திட்டுகள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலால் தடவினால்தான் பிடிபடும். பல வருட வெயில் செய்த வேலை. ஆக்டினிக் கெராடோசிஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் இவற்றில் சில புற்றுநோயாக மாறலாம். இதற்கு மருத்துவர்கள் எழுதித் தரும் க்ரீம்களில் முக்கியமானவை இரண்டு: இமிக்விமோட், ஃப்ளூரோயுராசில்.

இரண்டுமே தோலைச் சிவக்க வைக்கும், ஆனால் வழி வேறு. ஃப்ளூரோயுராசில், வேகமாகப் பெருகும் செல்கள் டி.என்.ஏ. உருவாக்குவதைத் தடுத்து அவற்றைச் சாகடிக்கிறது. இமிக்விமோட், தோலில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பி, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அதனால்தான் வைரஸால் வரும் மருவுக்கும் அது கேட்கிறது.

வெயில் திட்டுகளுக்கு என் ஓட்டு ஃப்ளூரோயுராசிலுக்குத்தான். 5 சதவீத க்ரீமை வழக்கமாகத் தினம் 2 வேளை, 2 முதல் 4 வாரம் தடவச் சொல்வார்கள். 5 சதவீத இமிக்விமோட் என்றால் பழக்கத்தில் உள்ள ஒரு முறை, வாரம் 2 இரவு, 16 வாரம். நெதர்லாந்தில் 600-க்கும் மேற்பட்டவர்களிடம் 4 சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. ஓராண்டு கழித்தும் திட்டுகள் முக்கால் பங்காவது குறைந்தே இருந்தவர்கள் ஃப்ளூரோயுராசிலில் சுமார் 75 சதவீதம், இமிக்விமோடில் சுமார் 54.

ஃப்ளூரோயுராசில் தடவும் அந்தச் சில வாரங்கள் லேசானவை அல்ல. மூன்றாம் வாரம் அப்பாவின் தலை பொருக்குத் தட்டி, நீர் கசிந்து, காலையில் தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டது. பயந்துபோய் நிறுத்தப் பார்த்தார். மருத்துவர் நேரில் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று சொன்ன பிறகே தொடர்ந்தார். இமிக்விமோடிலும் புண்ணாகும். கூடவே சிலருக்குக் காய்ச்சல், உடல்வலி, அசதி வரும். அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில நாள் இடைவெளி கொடுப்பார்.

பிறப்புறுப்பின் வெளிப்பக்க மருவுக்கு வந்தால் முடிவு தலைகீழ். அங்கே இமிக்விமோட்தான். வாரம் 3 இரவு, மெல்லிய பூச்சு, 6 முதல் 10 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவல், அதிகபட்சம் 16 வாரம். உள்பக்க மருவுக்குத் தடவக் கூடாது. இந்த க்ரீம் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும், தோலில் இருக்கும்போது உடலுறவும் வேண்டாம்.

சரி, எது கையில் இருந்தாலும் ஒன்றின் கால அட்டவணையை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். வாரம் 2 இரவு தடவ வேண்டியதைத் தினம் 2 வேளை தடவினால் தோல் வெந்துபோகும். ஒரு வேளை மறந்தால் அடுத்த முறை இரட்டிப்பாகத் தடவவும் வேண்டாம். கண், உதடு, மூக்கின் உள்பக்கம் படாமல் பார்த்து, தடவிய பின் கையைக் கழுவுங்கள். மேலே இறுக்கமாகக் கட்டுப் போடாதீர்கள், வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

கர்ப்பிணிகள் ஃப்ளூரோயுராசிலைத் தொடவே கூடாது. இந்த மருந்தை உடலில் சிதைக்கும் டி.பி.டி. (DPD) என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. அப்புறம், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் ட்யூபை மூடிப் பூட்டி வையுங்கள், தடவிய தலையை நக்க விடாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலே அவை செத்துப்போகலாம். அப்பாவின் தலையணை உறையை நாங்கள் தினமும் தனியாகத் துவைத்தது அதற்காகத்தான்.