பழைய திருப்புதலா, பொது மொழிபெயர்ப்பா?

"எதுங்க மூலத்துக்குக் கிட்ட?" பைபிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். ஹென்றி பவர் தலைமையிலான மொழிபெயர்ப்புக் குழு 1871-இல் முடித்த தமிழ் பைபிளான பழைய திருப்புதலையும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சொல்லுக்குச் சொல் (ஆதியாகமம் அல்லது தொடக்க நூல் 4:1)
பழையது: ஆதாம் ஏவாளை "அறிந்தான்".
புதியது: ஏவாளுடன் "கூடி வாழ்ந்தான்".
எபிரேய வினை 'யாதா'. அதன் நேர்ப்பொருள் அறிதல்தான். ஆனால் மனைவியை அறிந்தான், உடனே பிள்ளை பிறந்தது என்றால் புதிதாகப் படிப்பவர் விழிப்பார். சொல்லைக் காத்தது பழையது, பொருளைக் காத்தது புதியது.

மூலப் பிரதி (1 யோவான் 5:7)
பழையது: பரலோகத்தில் சாட்சியிடும் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவர்.
புதியது: அந்த வரியே இல்லை.
"வசனத்தை வெட்டிட்டாங்க" என்று கொதிப்பவர்கள் உண்டு. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. எவ்வளவு சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும், பின்னால் நுழைந்த வரியைப் பெயர்த்தால் துல்லியம் எங்கே? இதில் என் ஓட்டு புதியதற்கே.

நடை (சங்கீதம் அல்லது திருப்பாடல் 23:1)
பழையது: "நான் தாழ்ச்சியடையேன்."
புதியது: "எனக்கேதும் குறையில்லை."
இரண்டுமே சரி. மனப்பாடமானதைக் கைவிட யாருக்கு மனசு வரும்?

எபிரேய, கிரேக்கச் சொல்லாட்சியைத் துருவிப் பார்க்க பழையது உதவும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவும் முதல்முறை படிக்கவும் புதியதை எடுங்கள். பிரசங்கம் தயாரிப்பவர் மேசையில் இரண்டும் இருக்கட்டும்.