'ஆசிரியர் கையெழுத்துடன்' என்று போட்டிருந்த நாவலும் என் 460 டாலரும்

இணையத்தில் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள், அதிலும் ஆசிரியரே எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதி தேடுகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 460 அமெரிக்க டாலர் போயிற்று. போன பணத்தைவிட, எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதை வைத்தே ஏமாற்றினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

புத்தகம் எலிசபெத் ராபின்ஸ் எழுதிய 'தி மேக்னெட்டிக் நார்த்', 1904-ல் வந்தது. ராபின்ஸ் அமெரிக்காவில் பிறந்து லண்டன் மேடைக்குப் போன நடிகை. 1891-ல் நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'ஹெட்டா கேப்ளர்' நாடகத்தை லண்டனில் முதன்முதலாக ஆங்கிலத்தில் மேடையேற்றியபோது ஹெட்டாவாக நடித்தவர் இவர்தான். அப்புறம் எழுத்துக்கு வந்துவிட்டார். இவருடைய தம்பி ரேமண்ட் 1897-ல் கனடாவின் கிளாண்டைக் பகுதித் தங்கத்தைத் தேடி வடக்கே போனார், கொஞ்ச காலம் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1900 கோடையில் அக்கா அவரைப் பார்க்க அலாஸ்காவின் நோம் வரைக்கும் கப்பலேறிப் போனார். முந்தின வருஷம்தான் அங்கே கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைத்திருந்தது, ஆயிரக்கணக்கான பேர் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். அந்தப் பயணத்திலும் தம்பி பட்ட பாட்டிலும் இருந்துதான் இந்த நாவல் பிறந்தது. ஐந்து பேர் யூகான் ஆறு உறைந்துபோனதால் நடுவழியில் குடிசை கட்டிக் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள், அதில் இரண்டு பேர் பொறுக்க முடியாமல் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிமேல் நடக்கத் தொடங்குகிறார்கள். தங்கத்தைவிடப் பசியும் கூட இருக்கிறவன்மேல் வருகிற எரிச்சலும்தான் அதில் அதிகம். காப்புரிமை தீர்ந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், நான் அப்படித்தான் இரண்டு முறை படித்தேன். படித்தபிறகு ஒரு பழைய பிரதி கையில் இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் தேடல் வைத்திருந்தேன். போன நவம்பரில் ஒரு பிரதி வந்தது. நியூயார்க் முதல் பதிப்பு, முன் தாளில் (முன் அட்டையைத் திறந்ததும் வரும் வெற்றுத் தாளில்) ஆசிரியர் கைப்பட எழுதியது என்று போட்டிருந்தார்கள். போட்டோவில் பழுப்பு மையில் 'தம்பி ரேமண்டுக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ராபின்ஸ் பெயர், அதற்கும் கீழே 'நோம், அலாஸ்கா, 1904'. தம்பிக்கு அக்கா கொடுத்த பிரதி! அதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கேட்டு எழுதினேன். விற்கிறவர் ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டார், ஹெட்டாவைப் பற்றியெல்லாம் பேசினார். உண்மைச் சான்றிதழ் தருகிறேன் என்றார். விலை 500, தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் 40 குறைக்கிறேன் என்றார். அனுப்பிவிட்டேன். தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் பொருள் சொன்னபடி இல்லை என்று புகார் கொடுக்க வழி இருந்திருக்கும். அந்த 40 டாலருக்காக அதை விட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. புத்தகம் நல்ல பழைய புத்தகம்தான், நியூயார்க் பதிப்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் அட்டையைத் திறந்ததுமே ஏதோ உறுத்தியது. அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாள் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது, அதற்கு எதிரே, கையெழுத்து இருந்த தாள் மட்டும் ஒரே சீரான வெளிர்மஞ்சளில் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் முகத்தோடு முகம் வைத்துக் கிடந்த இரண்டு தாளில் ஒன்று மட்டும் எப்படிப் பழுக்காமல் இருக்கும்?

புத்தகம் பழுதுபார்க்கும் ஒரு அம்மாவிடம் எடுத்துப் போனேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற சின்னப் புறஊதா டார்ச்சை அடித்தார். மற்ற பக்கங்கள் எல்லாம் மங்கலாக, மண்நிறமாக இருந்தன. அந்த ஒரு தாள் மட்டும் வெளுத்த சட்டை மாதிரி நீலமாகப் பளீரென்று மின்னியது. காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் அது, 1950 வாக்கில்தான் காகிதத்தில் பரவலாக வந்தது என்றார். மேலே தேநீரோ ஏதோ பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள். அப்புறம் தையல் ஓரத்தை மெதுவாக விரித்துக் காட்டினார். உண்மையான முன் தாளை வெட்டி எடுத்த அடிக்கட்டை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு நின்றது, புதுத் தாளை அதன்மேல் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், டார்ச்சே தேவையில்லை. அக்கா நோமுக்குப் போனது 1900-ல். தம்பியும் 1904-ல் அங்கே இல்லை, அதற்குள் சிகாகோ வந்து ஏழைகளுக்கான சேவை இல்லங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே இல்லாத ஊரின் பெயரைப் போட்டு யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆசையில் தேதியைக் கூட்டிப் பார்க்கவில்லை.

விற்றவருக்குப் போட்டோக்களோடு எழுதினேன். முதலில் நான்கு நாள் பதில் இல்லை. பிறகு, தாள் முன்பே பழுதுபார்க்கப்பட்டிருக்கலாம், கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை, இருந்தபடியே விற்றேன் என்றார். சான்றிதழ் என்ன ஆயிற்று என்றேன். அது அவரே அச்சடித்தது, அவர் கையெழுத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. தளத்தில் புகார் செய்தேன், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று முடித்துவிட்டார்கள். வங்கியும் கைவிரித்தது.

ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: கையெழுத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்த போட்டோ போதாது, புத்தகத்தை விரித்து வைத்துத் தையல் ஓரம் தெரிகிற மாதிரி ஒன்று, அட்டை உட்புறமும் எதிர்த் தாளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, முடிந்தால் புறஊதா வெளிச்சத்தில் ஒன்று. நேர்மையான வியாபாரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். ராபின்ஸின் கடிதங்களும் கைப்பிரதிகளும் நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, அவர் கையெழுத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அங்கே விசாரிக்கலாம். வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். பின் அட்டையின் உட்புறத்தில் மெல்லிய பென்சிலில், முன் தாள் பிற்காலத்தில் ஒட்டியது, அதிலுள்ள எழுத்து ஆசிரியருடையது இல்லை என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் அவர் பணம் கொடுக்கும் முன் பார்க்கட்டும்.