இன்டர்ஃபேஸ் எண்: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ், யார் வழி தேவலாம்?

லினக்ஸில் ‘ஐபி லிங்க்’ கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் (கணினி நெட்வொர்க்கோடு சேரும் வாசல், நிஜக் கார்டோ மென்பொருளில் உருவாக்கியதோ) முன்னால் ஒரு எண் வரும். பார்க்க வரிசை எண் மாதிரி இருந்தாலும் அது கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கொடுத்த இன்டெக்ஸ், அதாவது அடையாள எண். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 3493 (2003) இதைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்: 1-இல் தொடங்கும், 0 வராது, நடுவில் இடைவெளி இருக்கலாம். அழிந்த இன்டர்ஃபேஸின் எண்ணை அடுத்ததற்குக் கொடுக்கலாமா? அங்கேதான் ஆளுக்கு ஒரு வழியில் போகிறார்கள்.

லினக்ஸ் ஏறிக்கொண்டே போகும். லூப்பேக்குக்கு (கணினி தன்னோடேயே பேசிக்கொள்ளும் இன்டர்ஃபேஸ்) 1, அப்புறம் வருகிற வரிசையில். 5-ஐ அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அடுத்த புது எண்தான் கிடைக்கும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில் கன்டெய்னர் ஏறி இறங்கும்போதெல்லாம் அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் வீத் என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸ் ஜோடி பிறந்து சாவதால், இருப்பது பத்து இன்டர்ஃபேஸாக இருந்தாலும் எண் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பார்க்க அசிங்கம்தான்.

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, பஸ்ஸில் சீட் பிடிப்பது போல, காலியான இடத்தில் சின்ன எண் எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும். எண்கள் சின்னதாகவே இருக்கும், ஆனால் எனக்கு இதில்தான் பயம். ஒரு கண்காணிப்பு நிரல் 5 என்று நினைவில் வைத்திருக்கிறது, அந்த எண்ணில் இருந்த டேப்0 என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸ் போய் அந்த இடத்தில் ஒரு பிரிட்ஜ் (பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாகச் சேர்ப்பது) வந்துவிட்டது என்றால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பிரிட்ஜின் கணக்கை டேப்0 பெயரில் காட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் ‘அப்படி ஒரு டிவைஸே இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். தப்பான பதிலைவிட இது எவ்வளவோ மேல்.

விண்டோஸ் இந்தச் சண்டைக்கே வருவதில்லை. அடாப்டரை (நெட்வொர்க் கார்டு) நிறுத்தி மறுபடி போட்டாலே எண் மாறலாம், நிலையானது என்று நம்பாதே என மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. நிலையாக வேண்டும் என்றால் எல்யூஐடி என்ற 64 பிட் அடையாள எண் தனியாக இருக்கிறது. நெட்ஷ் (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புக் கட்டளை) ஸ்கிரிப்டில் எண்ணை நேராக எழுதி வைக்கிறவர்கள் இதைப் படிப்பதில்லை என்பது வேறு கதை.

நெட்வொர்க் சாதனங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி உலகமும் இதில் பட்டுத்தான் தெளிந்தது. 1991-இல் ஆர்எஃப்சி 1213, எண்கள் 1-லிருந்து மொத்த இன்டர்ஃபேஸ் எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும் என்றது. இன்டர்ஃபேஸ்கள் வந்து போக ஆரம்பித்ததும் 1994-இல் ஆர்எஃப்சி 1573 அதைத் தளர்த்தியது.

என் ஓட்டு லினக்ஸுக்கு. ஆனால் ரீபூட் ஆனதும் அங்கேயும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், அதனால் கான்ஃபிக் கோப்பில் எழுதுவதாக இருந்தால் பெயரையோ மேக் முகவரியையோ (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) எழுதுங்கள்.