ஏழு மணியும் ஒரு தப்பும்

பேய்க்கதை வேண்டும் என்று இந்தத் தொடரை வாங்காதீர்கள். கார்த் நிக்ஸின் ‘ஓல்ட் கிங்டம்’ நாவல்களில் செத்தவர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுந்து வருகிறார்கள்தான். ஆனால் வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ, கொலுசுச் சத்தம் எதுவும் கிடையாது. அவர்கள் வேலைக்கு வருகிறார்கள். எவனோ ஒருத்தன் எழுப்பி, கட்டிப்போட்டு, இழுத்துவந்த வேலைக்கு. எனக்கு இந்தப் புத்தகங்கள் பிடித்துப்போனது அங்கேதான்.

நிக்ஸ் ஆஸ்திரேலியாக்காரர். முதல் நாவல் ‘சப்ரியேல்’ 1995-ல் வந்தது. அடுத்து ‘லிரேயல்’ 2001, ‘அப்ஹார்சன்’ 2003. கடைகளில் பதின்வயதுப் பிள்ளைகளின் அலமாரியில் இருக்கும். வயதாகிவிட்டதே என்று கூச்சப்படாமல் எடுங்கள்.

ஒரு நெடுஞ்சுவர். தெற்கே கார், டெலிபோன், பள்ளிச் சீருடை என்று நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து மாதிரி ஒரு நாடு. வடக்கே மந்திரம் ஆளும் பழைய ராஜ்ஜியம். வடகாற்று அடித்தால் எல்லையோரத்தில் லைட் எரியாது, போன் பேசாது, துப்பாக்கிகூட வெடிக்காது. (கோத்தகிரியில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போக மந்திரமே தேவையில்லை என்பது வேறு விஷயம்.) தெற்கே விடுதிப் பள்ளியில் படிக்கும் 18 வயது சப்ரியேலிடம் ஒரு ராத்திரி அப்பாவின் வாளும் மணிகளும் மட்டும் வந்து சேர்கின்றன. அப்பா வரவில்லை. அவர் அப்ஹார்சன். அது பெயரல்ல, பதவி. எழுந்து திரியும் பிணங்களைத் திருப்பி அனுப்பிவைப்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரைத் தொழில். அப்பாவைத் தேடி அவள் சுவரைத் தாண்டுகிறாள்.

இந்தக் கதையில் மரணம் ஓர் ஆறு. எலும்பைக் கடிக்கும் குளிர், நிற்கவிடாமல் இழுக்கும் ஓட்டம், ஒன்பது வாசல். ஒரு வாசல் அருவி, ஒரு வாசல் சுழல், ஒன்றில் தண்ணீர் மேலேயே நெருப்பு எரிகிறது. கடைசியில் நட்சத்திரம் நிறைந்த வானம். நிமிர்ந்து பார்த்தவர் திரும்புவதில்லை.

தொடரின் உயிர் அந்த மணிகள். மார்புக்குக் குறுக்கே போட்ட தோல்பட்டையில் ஏழு உறை, சின்னதிலிருந்து பெரிது வரை. ரன்னா தூங்கவைக்கும். மோஸ்ரேல் எழுப்பும், எழுப்பும்போதே அடித்தவரை மரணத்துக்குள் தள்ளும். கிபெத் நடக்கவைக்கும், கவனம் பிசகினால் அடித்தவரையே நடத்திக்கொண்டு போய்விடும். டைரிம் பேச்சுக்கு, பெல்காயர் நினைப்புக்கு. சரநெத் கட்டிப்போடும். கடைசி மணி அஸ்டரேலின் சத்தம் காதில் விழுந்த அத்தனை பேரும், அடித்தவர் உட்பட, ஆற்றுக்குள் போக வேண்டியதுதான். உறையிலிருந்து எடுக்கும்போது மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டும். வேண்டாத நேரத்தில் ஒரு சின்னச் சிணுங்கல் கேட்டாலும் வம்பு. பிணங்களை எழுப்பி ஏவும் மந்திரவாதிகளிடமும் இதே மாதிரி ஏழு மணிகள் உண்டு.

எனக்கு எங்கள் தாத்தாவின் தப்பு மேளம் ஞாபகம் வந்துவிட்டது. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைனில் சாவு விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனியில் தோல் தொய்ந்துபோகும். சருகைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று பேசிய பிறகுதான் குச்சியை எடுப்பார். வாசலில் ஓர் அடி, பிணம் தூக்கும்போது ஓர் அடி, சுடுகாட்டுப் பாதையில் ஓர் அடி. அந்த அடிகளை வேறு நாளில் பிள்ளைகள் நாங்கள் விளையாட்டுக்குத் தட்டினாலும், பேசாமல் வந்து உள்ளங்கையைத் தோலில் வைத்து அமுக்கிவிடுவார். அதே தப்பை இலங்கையின் மஸ்கெலியாத் தோட்டத்தில் அவருடைய அப்பா விடியக்காலையில் அடித்திருக்கிறார். பிரட்டுத் தப்பு. லயத்தில் படுத்திருக்கும் சனத்தை எழுப்பி, வரிசையில் நிறுத்தி, மலைக்கு அனுப்பும் அடி. மோஸ்ரேல், சரநெத், கிபெத் மூன்றும் ஒரே தோலில்.

இரண்டாம், மூன்றாம் நாவல்களில் ஹெட்ஜ் என்றொரு மந்திரவாதி வருகிறான். சிவப்பு ஏரிப் பக்கம் ஒரு பெரிய குழி, மேலே ஓயாத மின்னல். உள்ளே மண் வெட்டுகிறவர்கள் செத்தவர்கள். கூலி இல்லை, சோறு இல்லை, ஓய்வு இல்லை, உடம்பு பிய்ந்து விழும்வரை வேலை. இன்னும் ஆள் வேண்டும். போருக்குத் தப்பி வந்திருக்கும் அகதிகளிடம் ‘சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு நிலம் இருக்கிறது’ என்று ஆசைகாட்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் பிணமாகி எழ வேண்டும் என்பதுதான் திட்டம்.

இந்தப் பகுதியை இலங்கை மலைநாட்டுக் குடும்பத்தில் பிறந்தவள் எப்படிச் சும்மா புரட்டிவிட்டுப் போவது? 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அவருக்கு வேலையும் வீடும் கிடைத்தன, நிக்ஸின் அகதிகள் கதை வேறு. ஆனாலும் ‘அந்தப் பக்கம் இருக்கிறது உன் நிலம், போ’ என்கிற குரல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமானது. நிக்ஸ் மேல் எனக்கிருக்கும் பெரிய கோபமும் இதுதான். இத்தனை கனமான விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டு ஓரத்தில் வைத்துவிட்டார். அகதிகள் கடைசிவரை கூட்டமாகவே வருகிறார்கள், கூட்டமாகவே போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது அரச வம்சமும் பரம்பரை ரத்தமும்தான். அந்த ரத்தக் கணக்கு எனக்கு ஒட்டவில்லை.

மற்ற குறைகள் சில்லறை. முதல் நாவலில் காதல் எப்போது வந்தது என்றே தெரியாது, வந்துவிட்டது என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இளவரசன் சாமின் புலம்பலை இரண்டாம் நாவலில் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

ஆனால் அந்த இரண்டாம் நாவல்தான் மூன்றிலும் உசத்தி. எதிர்காலத்தைக் காணும் பெண்கள் வாழும் ஒரு பனிமலை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பார்வை வந்துவிட, லிரேயலுக்கு மட்டும் 14 வயதாகியும் வரவில்லை. அவளுக்கு நூலகத்தில் வேலை கொடுக்கிறார்கள். அந்த நூலகம் மலைக்குள் சுருள்சுருளாக இறங்குகிறது. சில கதவுகளுக்குப் பின்னால் இருப்பது புத்தகம் அல்ல, கடித்துக் குதறும் ஜந்து. அதனால் ஊழியர்கள் விசிலும், ஆபத்தென்றால் ஓடிப்போய் ஆள் கூட்டிவர ஒரு வெள்ளி எலிப் பொம்மையும் வைத்திருக்க வேண்டும்! தனிமையைப் பற்றி ஒரு வரி வியாக்கியானம் இல்லாமல், அந்தப் பிள்ளை சாப்பாட்டுக்கூடத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்குவதை வைத்தே முழுவதையும் சொல்லிவிடுகிறார். பிறகு அவளுக்கு ஒரு பேசும் நாய் வாய்க்கிறது. தொடர் முழுக்க எனக்குப் பிடித்த ஆள் அந்த நாய்தான். முதல் நாவலில் வரும் வெள்ளைப் பூனை மொகெட்டின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆங்கிலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எட்டும். வாள், படகு பற்றிய சொற்கள்தான் கொஞ்சம் இடறும். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நடிகர் டிம் கரி படித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது. பூனைக்கு அவர் கொடுத்திருக்கும் குரலுக்காகவே மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். பின்னால் எழுதிய ‘கிளாரியல்’ (2014) கதைப்படி முந்தைய காலத்தில் நடப்பது. அதற்காக அதை முதலில் எடுக்காதீர்கள், மூன்றும் படித்த பிறகு போதும்.

இன்னொன்று, ‘லிரேயல்’ முடிவதில்லை, நடுவழியில் நிற்கிறது. ‘அப்ஹார்சன்’ கைக்கு வராமல் அதைத் தொடங்க வேண்டாம். மழை நாளில் மலைக்குக் கூரியர் ஏறிவரும் லட்சணம் தெரிந்ததுதானே.